ஓர்ஸ் ஹில் ரெயில்வே

என் அத்தானிடம் ஒரு ரெயில்வே இருந்தது. அரசாங்கத்திடமும் ஒன்று இருந்தது. அரசாங்கத்தின் ரெயில் பிந்தி வரும், ஆனால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அத்தானின் ரெயில் ஒருநாளும் பிந்தியதில்லை, ஆனால் அதில் ஏற ஒருவராலும் ஏலாது. அதன் உயரம் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான். இதை அவர் ஒரு குறையாக எடுத்ததில்லை. சனம் ஏறுவதால்தான் ரெயில்கள் பழுதாகின்றன என்பது அவருடைய கட்சி.

அத்தான் என்றால் என் மூத்த அக்காவின் புருஷன். திருகோணமலை டொக்யார்ட்டில் களஞ்சியக் கந்தோரில் கிளாக்கர். வீடு ஓர்ஸ் ஹில்லில். எனக்குப் படிப்பிக்கும் வேலை கிடைத்து, முதல் நியமனம் திருகோணமலை என்று வந்தபோது, பருத்தித்துறையில் எங்கள் வீட்டில் எல்லோரும் “அக்கா வீடு இருக்குத்தானே” என்று சந்தோசப்பட்டார்கள். அக்கா வீடு இருந்தது உண்மை. அதில் இடம் இருக்கிறதா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

பெட்டியோடு வாசற்படியில் கால் வைத்தேன். “நில்லும்” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. நின்றேன்.

“வண்டி கந்தளாய் விட்டிட்டுது. தம்பலகாமம் வந்து சேரட்டும். பிறகு வாரும்.”

முதன்முதலாக வீட்டுக்கு வந்த மச்சாளுக்கு அவர் தந்த வரவேற்பு அது. நான் வெயிலில் நின்றபடி எட்டிப் பார்த்தேன். ஹாலின் நாலு சுவரையும் ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகை மேடை ஓடியது. வாசலுக்குக் குறுக்கேயும் ஒரு பலகை கிடந்தது. அதன்மேல் ஒரு கறுப்பு எஞ்சின், பின்னால் சில சிவப்புப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்து, என் மூக்குக்கு முன்னால் கடந்துபோய், ஒரு தீப்பெட்டி அளவு ஸ்டேசனில் நின்றது. அத்தான் கைமணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகுதான் வாசற்பலகையைத் தூக்கி எனக்கு வழிவிட்டார்.

“பயணம் சுகமோ?”

“ஓம் அத்தான்.”

“எதில வந்தனீர்?”

“பஸ்ஸில.”

அவருடைய முகத்தில் இருந்த கொஞ்ச அக்கறையும் போய்விட்டது.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன வருஷத்தில் அந்த ரெயில் அவரிடம் வந்தது. புறப்பட்டுப் போன துரைமார் தங்கள் வீட்டுச் சாமான்களை மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஓர்ஸ் ஹில்லில் இருந்த மற்றக் கிளாக்கர்மார் எல்லோரும் சாய்கதிரை, கிராமபோன், ஐஸ்பெட்டி என்று கொண்டுவந்து சேர்த்தார்கள். எங்கள் அத்தான் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். அக்கா திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு பொம்மை ரெயிலும், வளைந்த தண்டவாளத் துண்டுகளும், கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு கறுப்புப் பெட்டியும் இருந்தன. கலியாணமாகி இரண்டு வருஷமாகியும் வீட்டில் பிள்ளை இல்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு இப்போதே விளையாட்டுச் சாமான் வாங்கி வைக்கிறார் என்று நினைத்து அக்கா வெட்கப்பட்டாளாம். பிள்ளை பிறக்கவேயில்லை. பிறந்திருந்தாலும் அதைத் தொட விட்டிருக்கமாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

ரெயில் மட்டும் இருந்தால் போதாது, அது போவதற்கு ஓர் ஊர் வேண்டும். இங்கிலாந்தில் செய்த ரெயிலாக இருந்தாலும் அது திருகோணமலையில்தான் ஓடவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். திருகோணமலை ஸ்டேசனில் தொடங்கி, சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய், அக்போபுர, கடைசியில் பாதை பிரியும் கல் ஓயா. அந்தப் பாதை முழுவதையும் எங்கள் ஹாலுக்குள் கொண்டுவந்தார். டொக்யார்ட்டில் கழித்துவிட்ட பெட்டிப் பலகையில் மேடை அடித்தார். பழைய பேப்பரைக் கோதுமைமாப் பசையில் ஊறவைத்து மலை செய்தார். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டு வயல் பரப்பினார். காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டைப் பிய்த்துப் பிய்த்து மரங்கள் நட்டார். வீட்டில் பீர்க்கங்காய்க் கறி என்ற பேச்சே இல்லாமல் போனது. கொடியில் காய்ப்பதெல்லாம் காட்டிலாகாவுக்குப் போனது.

உள்துறைமுகத்துக்குத் தண்ணீர் வேண்டும். அக்காவின் சீதன அலுமாரியில் ஒரு நீட்டுக் கண்ணாடி இருந்தது. ஒரு சனிக்கிழமை அக்கா கோயிலுக்குப் போய்விட்டு வர, கதவில் வெறும் பலகை இருந்தது. கண்ணாடி துறைமுகமாகி, அதன்மேல் இரண்டு கப்பல்களும் நின்றன. அதன்பிறகு அக்கா தலை இழுக்கும்போது கப்பல்களைக் கரையில் ஒதுக்கி வைத்துவிட்டு, துறைமுகத்தின்மேல் குனிந்துதான் உச்சி பிரித்தாள். முடித்ததும் கப்பல்களை அந்தந்த இடத்தில் திரும்ப வைக்கவேண்டும். மாறி வைத்தால் அத்தான் கந்தோரால் வந்ததும் கண்டுபிடிப்பார். தன் பெண்சாதி புதுச்சேலை உடுத்திருக்கிறாள் என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு தீபாவளி முழுவதும் போதாமல் இருந்தது, அது வேறு.

குசினிக்குப் போவதென்றால் தம்பலகாமத்துக்குக் கீழே குனிந்து போகவேண்டும். சோற்றுப் பானையோடு அக்கா அப்படிப் போய்வந்தாள். வீட்டுக்கு வந்த பெரிய மனிதர்கள், ஐயர், டாக்குத்தர், எங்கள் பாடசாலை அதிபர், எல்லோரும் அத்தான் வீட்டில் குனிந்தார்கள். அத்தான் நிமிர்ந்து நின்று வண்டி ஓட்டினார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த மனிதர் தன் வாழ்நாளில் ரெயில் ஏறியதில்லை.

ஏறமாட்டார் என்பதல்ல, ஏற ஏலாது. எந்த வாகனத்தில் இருந்தாலும் அவருக்குத் தலை சுற்றும், வயிறு பிரட்டும். நிலாவெளிக்குப் பஸ் ஏறியவர் உப்புவெளியில் இறங்கி மதிலைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார். மூதூருக்குப் போகும் லாஞ்சைக் கரையில் நின்று பார்த்தாலே அவர் முகம் வெளுக்கும். கந்தோருக்கு நடந்து போவார், நடந்து வருவார். மாப்பிள்ளைக்குத் தலைச்சுற்று என்று சொல்லி, பெண் வீட்டில் நடக்கவேண்டிய கலியாணத்தையே திருகோணமலையில் வைத்து, எங்கள் சனம் முழுவதையும் வான் பிடித்து வரவைத்தவர். திருகோணமலையில் பிறந்து, திருகோணமலையில் படித்து, அங்கேயே வேலை பார்த்த அவர் சீனக்குடாவுக்கு அப்பால் ஓர் ஊரையும் கண்ணால் கண்டதில்லை. அந்த மனிதர்தான் கல் ஓயா வரைக்கும் பாதை போட்டிருந்தார். உள்ளதை உள்ளபடி போடவேண்டும் என்றும் பிடிவாதமாக நின்றார்.

காணாததை எப்படி உள்ளபடி போடுவது? போய்வந்தவர்களைக் கேட்டுத்தான். வீட்டுக்கு வருகிற எவரும் ரெயிலில் வந்திருந்தால் அவருக்குத் தேத்தண்ணி பிறகுதான், விசாரணை முதலில்.

மூதூரில் இருந்து ஒரு முஸ்லிம் நானா வருவார். கருவாடு வியாபாரி. அக்காவுக்கு நெத்தலியும் எருமைத் தயிரும் கொண்டுவந்து கொடுத்து, ஓர் உறவுக்காரர் போலப் பழகிவிட்டவர். கொழும்புக்கு அடிக்கடி போய்வருவார். அதுதான் அவர் செய்த பிழை.

“நானா, கந்தளாய் ஸ்டேசன் கூரை ஓடோ, தகரமோ?”

“கூரைய ஆர் ஐயா பாக்கிற? நான் கோச்சிக்குள்ள ஏறினா மடியில காசுப் பைய இறுக்கிக்கொண்டு கண்ண மூடிருவன்.”

“அப்ப இறங்கேக்க?”

“இறங்கிறது கொழும்பில. அங்க கூரை இருக்கி.”

அத்தான் அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. கண்ணும் வயிறும் சரியாக வேலை செய்கிற ஒருவருக்கு இவ்வளவு பயணத்தைக் கொடுத்து வீணாக்கிய கடவுள்மேல் கோபமும் இருந்தது. அடுத்த முறை நானா வரும்போது “தகரம் ஐயா, தகரம்” என்று படலையிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். அத்தான் அன்று பின்னேரமே ஓட்டைக் கழற்றித் தகரம் போட்டார். நானா உண்மையில் பார்த்தாரா, அல்லது தேத்தண்ணி ஆறிப்போகாமல் குடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

என்னுடைய கலியாணமும் இந்த விசாரணைக்குத் தப்பவில்லை. முதலில் கொழும்பில் இருந்து ஒரு பகுதி வந்தது. மாப்பிள்ளை நல்ல உயரம், நல்ல உத்தியோகம். நான் தேத்தண்ணித் தட்டோடு தம்பலகாமத்துக்குக் கீழே குனிந்து, கோப்பை சாயாமல், முகத்தில் வெட்கத்தையும் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அது சர்க்கஸில் செய்கிற வேலை. மாப்பிள்ளை என் பக்கம் திரும்ப முதல் அத்தான் தொடங்கிவிட்டார்.

“தம்பி, தம்பலகாமத்துக்கும் கந்தளாய்க்கும் இடையில ஒரு ரோட்டு மதகு வருமே, அதுக்குக் கைபிடிச் சுவர் இருக்கோ?”

“நான் அதைக் கவனிக்கேல்லை.”

அவர்கள் போனதும் அத்தான் என்னைக் கூப்பிட்டார். “கண்ணை வைச்சுக்கொண்டு வழியைப் பாக்காத ஆள். உம்மை எப்பிடிப் பாப்பார்?” என்றார். அக்கா குசினிக்குள் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள். சம்பந்தம் அதோடு முடிந்தது.

இரண்டாவதாக வந்தவர் நீர்ப்பாசனப் பகுதியில் படம் கீறுகிற வேலை செய்தவர், கந்தளாயில் குவாட்டர்ஸ். அதே மதகு, அதே கேள்வி. “ஒரு பக்கம் இருக்கு. மற்றப் பக்கம் மாட்டு வண்டில் இடிச்சு விழுந்திட்டுது” என்றார் அவர். அத்தான் எழும்பிப் போய், தன்னுடைய மதகில் ஒரு பக்கச் சுவரை விரலால் ஒடித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார். “நல்ல பிள்ளை” என்றார். என் கலியாணம் நிச்சயமாகிவிட்டது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மாப்பிள்ளை அன்றைக்கு என் முகத்தை ஒழுங்காகப் பார்த்தாரா என்பது இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிக்கிறார்.

எல்லோரையும்விட அதிகமாக விசாரிக்கப்பட்டவள் அக்காதான். கொழும்பில் எங்கள் பெரியண்ணை குடும்பம் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அக்கா அங்கே போவாள். தனியாகத்தான் போவாள். ராத்திரி மெயில் அவளுக்குப் பயம், ஆகவே பகல் வண்டி. திரும்பி வந்து செருப்பைக் கழற்ற முதலே அத்தான் கதிரையை இழுத்துப் போடுவார். மற்றவர்களைப் போல அல்லாமல் அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“அக்போபுர தாண்டினதும் என்ன தெரியுது?”

“காட்டுக்குள்ள ஒரு வீடு இருக்கு. சிவப்பு ஓடு.”

“எந்தப் பக்கம்?”

“போகேக்க இடப்பக்கம். முன்னுக்கு ஒரு சின்னக் குளம். தாமரை பூத்திருக்கு.”

“ஆக்கள் இருக்கினமோ?”

“ஒரு பொம்பிளை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டவ.”

அத்தான் ஒரு கிழமை இருந்து அந்த வீட்டைச் செய்தார். தீப்பெட்டி மட்டையில் சுவர், சிவப்பு மை பூசிய ஓடு. குளத்துக்கு மருந்துப் போத்தல் அடிக்கண்ணாடி. நூலில் கொடி கட்டி, கடுகளவு துணிகளையும் தொங்கவிட்டார். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அதைத்தான் முதலில் காட்டுவார். “என்ர மனிசி ஒருத்திதான் யன்னலுக்கால பாக்கத் தெரிஞ்சவ” என்பார். அவர் அக்காவைப் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

ஒரு பாடசாலை விடுமுறையில் நானும் அக்காவோடு கொழும்புக்குப் போனேன். வண்டி உள்துறைமுகத்தைத் தாண்ட முதல் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாள். சீனக்குடாவில் குறட்டை தொடங்கியது. கல் ஓயாவில் வண்டி மாறும்போதும் அரை நித்திரையில்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாகோ தாண்டி, வடை விற்கிறவன் காதுக்குள் கத்திய பிறகுதான் முழுதாகக் கண் திறந்தாள். திரும்பி வரும்போதும் அப்படித்தான். நான் விழித்திருந்தேன். அக்போபுர தாண்டியும் பார்த்தேன். காடு இருந்தது. வேறொன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கதிரையில் இருந்து, “அந்தச் சிவப்பு வீட்டுக்குப் பக்கத்தில புதுசா ஒரு மாட்டுக் கொட்டில் போடினம்” என்றாள்.

குசினிக்குள் வைத்து அவளைப் பிடித்தேன். “அக்கா, நீ நித்திரை கொண்டுகொண்டு போனனீ. அங்க ஒரு வீடும் இல்லை.”

அவள் அம்மியில் இருந்து கையை எடுக்கவில்லை. “தெரியும்” என்றாள். “ஒண்டும் பாக்கேல்லை எண்டு முதல்தரம் உண்மையைத்தான் சொன்னனான். அந்த மனுசன்ர முகம் போன போக்கை நீ பாத்திருக்கவேணும். அடுத்த முறை ஒரு வீடு சொன்னன். ஒரு கிழமை சிரிச்ச முகத்தோட சாப்பிட்டார். எனக்கென்ன, சொல்லுறதுக்குக் காசோ பணமோ?”

“கண்டுபிடிச்சாரெண்டா?”

“எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? கோச்சி ஏறிப் பாக்கப்போறாரோ?”

அது நியாயமான கேள்வி. உள்ளதை உள்ளபடி போட்டிருக்கிறேன் என்று மார்தட்டிய மனிதரின் பாதையில் பாதி, நித்திரையில் போனவர்களின் வாயில் இருந்து வந்தது. அவர் மாட்டுக் கொட்டிலையும் கட்டினார்.

எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோனது. ஊர் முழுக்கப் பாணுக்கு விடியவே கியூவில் நின்றது. அத்தானுக்குப் பாண் ஒரு பிரச்சினையே இல்லை, மரவள்ளிக் கிழங்கைச் சாப்பிட்டார். எஞ்சினுக்குள் தேய்ந்துபோகும் சின்னக் கரித்துண்டுதான் அவருடைய கவலை. ஓடாமல் நின்ற எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பிரேத வீடுபோல இருந்தார். பிறகு செத்த டோர்ச் பற்றரியை உடைத்து, நடுவில் இருந்த கரிக்குச்சியை அரத்தால் தேய்த்துப் போட்டார். வண்டி ஓடியது. நேர அட்டவணைப்படி ஓடியது. நாட்டில் அந்தக் காலத்தில் சொன்ன நேரத்துக்கு நடந்த ஒரே காரியம் அதுதான் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார்.

அதற்குச் சில வருஷங்களின் பின் அக்காவுக்கு வயிற்றில் நோ தொடங்கியது. வாய்வு என்று அவளே இஞ்சி குடித்தாள். குனிந்து குனிந்து வந்த முதுகு நோ என்று நான் நினைத்தேன், வாய்விட்டும் சொன்னேன், அத்தானுக்குக் கேட்கத்தக்கதாக. டாக்குத்தர் கட்டி என்றார். கொழும்பில்தான் வெட்டி எடுக்கவேண்டும், எடுத்துப் பார்த்த பிறகுதான் நல்ல கட்டியோ கெட்ட கட்டியோ என்று சொல்ல ஏலும் என்றார்.

மூதூர் நானா தன் வானைக் கொண்டுவந்து நிறுத்தினார். அக்காவோடு நானும் அத்தானும் ஏறினோம். ஊர் எல்லை தாண்டவில்லை, வான் நின்றது. அத்தான் இறங்கித் தெருவோரத்தில் குந்தியிருந்து சத்தி எடுத்தார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு யன்னலால் தலையை நீட்டினாள்.

“இஞ்சருங்கோ, நீங்கள் வந்தா டாக்குத்தர் என்னை விட்டிட்டு உங்களைத்தான் பாக்கவேண்டி வரும். வீட்டை போங்கோ.”

வான் வளைவில் திரும்பும் மட்டும் அவர் தெருவில் நின்றதை நான் பின்கண்ணாடியில் பார்த்தேன். ஆள் வழக்கத்தைவிடச் சின்னதாகத் தெரிந்தார்.

அக்காவைப் பெரியண்ணை வீட்டில் விட்டு, ஆஸ்பத்திரியில் பதிவுகள் முடித்து, நான் திரும்பி வந்தேன். ஒப்பரேசனுக்கு முதல் நாள் திரும்பவும் போவதாக ஏற்பாடு. அப்போது நாங்களும் திருகோணமலைக்கு மாறி வந்திருந்தோம், அந்த நாட்களில் அத்தானுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பேன். ஹால் சத்தமில்லாமல் இருந்தது. மின்சாரம் இருந்தது, எஞ்சினும் நல்லாக இருந்தது. “ஏன் அத்தான் ஓட்டேல்லை?” என்று கேட்டேன். “பாதையில வேலை நடக்குது” என்றார். ஒரு வேலையும் நடக்கவில்லை.

நான் புறப்படுகிற காலை, ஸ்டேசனுக்குப் போக முதல் அக்காவுக்குச் சொல்லி அனுப்ப ஏதும் இருக்கிறதா என்று கேட்கப் போனேன். அவர் வெள்ளைச் சேட்டு உடுத்து, சப்பாத்துப் போட்டு, ஒரு துணிப்பையோடு விறாந்தையில் இருந்தார். பைக்குள் தேசிக்காய்களும், ஒரு துவாயும், வெறும் பால்மாப் பேணி ஒன்றும் இருந்தன.

“எங்க அத்தான்?”

“கொழும்புக்கு” என்றார், சந்தைக்கு என்பதுபோல. “பேணி எதுக்கெண்டு கேக்கவேண்டாம்.”

திருகோணமலை ஸ்டேசனுக்குள் அவர் நடந்து போனதைப் பார்த்தால், இலாகாவின் மேலதிகாரி சோதனைக்கு வந்ததாகத்தான் நினைக்கத் தோன்றும். மேடையின் விளிம்பைப் பார்த்தார், சிக்னல் கம்பியைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். வண்டி பிந்தித்தான் புறப்பட்டது. அது அசைந்த உடனேயே அவருடைய அதிகாரம் முழுவதும் போய்விட்டது. தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

கண் மூடியிருந்தாலும் வாய் மூடவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒற்றைக் கண்ணைத் திறந்து கைமணிக்கூட்டைப் பார்த்து, “இப்ப தம்பலகாமம்” என்பார். வண்டி அப்போது சீனக்குடாவில் நின்றுகொண்டிருக்கும். “கந்தளாய்” என்று அவர் சொன்னபோது நாங்கள் தம்பலகாமத்து வயலுக்கு நடுவில் எருமைகளுக்கு வழிவிட்டு நின்றோம். நான் திருத்தப் போகவில்லை. அவர் பேணியோடு போராடிக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த இரண்டு பேர் எழும்பி வேறு பெட்டிக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் சொன்ன மதகு வந்தபோது, சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவருடைய நெற்றியில் வியர்வையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கந்தளாயும் போனது. “அக்போபுர வந்திட்டுதோ?” என்று கேட்டார்.

“இப்பதான் வெளிக்கிடுது.”

அத்தான் கண்ணைத் திறந்தார். யன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, இடப்பக்கம் வெளியே பார்த்தார். இமை வெட்டாமல் பார்த்தார். காடு போனது. பற்றைகள், ஒரு வறண்ட ஓடை, மறுபடியும் காடு. முகம் சாம்பல் நிறமானது. அப்போதும் கண்ணை எடுக்கவில்லை. கல் ஓயாவுக்கு வண்டி வேகம் குறைக்கும் வரைக்கும் அப்படியே இருந்தார். பிறகு பேணியை எடுத்தார்.

அங்கே இறங்கி வண்டி மாறவேண்டும். அவரை மேடை வாங்கில் இருத்தி, சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்து, “இந்தப் பிளாட்போம் நான் போட்டதைவிட நீளம்” என்றார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அக்கா மெலிந்துபோய்க் கிடந்தாள். அத்தான் சப்பாத்தைக் கழற்றவேண்டுமா என்று வாசல் காவலாளியோடு கதைத்துக்கொண்டு பின்னுக்கு நின்றார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். மறுநாள் வயிற்றை வெட்டப்போகிறார்கள். அவளுடைய பயம் வேறாக இருந்தது.

“ரெயிலிலயோ வந்தவர்?”

“ஓம்.”

“யன்னலுக்கால பாத்தவரோ?”

நான் பதில் தேட முதல் அத்தான் கட்டிலடிக்கு வந்துவிட்டார். அக்காவே கேட்டாள்.

“வழியெல்லாம் பாத்துக்கொண்டு வந்தனீங்களோ?”

“எங்க பாக்கிறது? கண்ணைத் திறக்க ஏலாமக் கிடந்தது” என்றார் அத்தான். “ஏறினதில இருந்து இறங்கும் மட்டும் பேணிக்குள்ளதான் முகம். இவவைக் கேட்டுப் பாரும்.”

நான் ஓம் என்று தலையாட்டினேன். உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும் என்று ஊரையே வருத்திய மனிதர் அக்காவுக்குப் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். பழக்கமில்லாத வேலை, என்றாலும் நன்றாகச் செய்தார். அக்கா தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடி, பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

கட்டி நல்ல கட்டி என்று வந்தது. அக்கா எழும்பி நடக்கும் வரைக்கும் அத்தான் பெரியண்ணை வீட்டில் நின்றார். நாளும் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனார், நடந்து வந்தார். இடையில் கோட்டை ஸ்டேசனுக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு, ஆட்கள் கூடிப்போனார்கள் என்று குறை சொன்னார். பாடசாலைக்குத் திரும்பிவிட்ட எனக்குப் பெரியண்ணை கடிதம் போட்டார், எப்போது கூட்டிக்கொண்டு போகிறாய் என்று. அக்காவைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று பேருமாகத் திரும்பி வந்தோம். கல் ஓயாவில் மாறி ஏறியதும் அத்தான் அக்காவை யன்னல் பக்கம் இருத்தினார். தான் பக்கத்தில் இருந்து, புதுத் தேசிக்காயை மூக்கில் வைத்து, கண்ணை மூடினார். பேணி மடியில் இருந்தது. வண்டி புறப்பட்டது. அக்காவின் கை பழக்கத்தில் சேலைத் தலைப்பைத் தேடியது.

“இஞ்சரும், நித்திரை கொள்ளவேண்டாம்” என்றார் கண்ணைத் திறக்காமல். “இப்ப என்ன தெரியுது?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவள் யன்னலுக்குத் திரும்பினாள். பிறகு சின்னக் குரலில் சொன்னாள்.

“இஞ்ச ஒரு வீடும் இல்லை.”

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தேசிக்காயை ஒருதரம் மோந்தார்.

“சரி” என்றார். “வேற என்ன இருக்கு?”

அக்கா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை அதில் முட்டவைத்துப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் போய்வந்த பாதையை அன்றுதான் பார்க்கிறாள்.

“காடு. பாலை மரம் எண்டு நினைக்கிறன். கீழுக்குப் பற்றை. ஒரு புத்து, ஆள் உயரம் இருக்கும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “தந்திக் கம்பியில ஒரு குருவி, நீலம். பறந்திட்டுது.”

“ம்.”

“மணல் ஒழுங்கை ஒண்டு வருது. ஒரு பொம்பிளை விறகுக் கட்டைத் தலையில வைச்சுக்கொண்டு நிக்கிறா. கோச்சி போகட்டும் எண்டு நிக்கிறா.”

“எந்தப் பக்கம்?”

“என்ர பக்கம்” என்றாள் அக்கா.